கைத்தாளத்துக்கு எழுத்துப் பார்த்த கதை

ஒரு விடுகதை. நிதானமாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. அதற்கு வாய் கிடையாது, ஆனால் ஊரையே பேச வைக்கும். அது உடம்பு பெருத்தால் ஊர் அதிரும், இளைத்தால் ஊர் கிசுகிசுக்கும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் ஊரே பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் பேசும். அது என்ன?

வேறு ஊரில் கேட்டால் காற்று என்பார்கள், காசு என்பார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள் மைக்செட் என்பார்கள். வேலாங்கோட்டையில் கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட யோசிக்காமல் சொல்லும்: கைத்தாளத்தின் தலைப்பெழுத்து.

வேலாங்கோட்டை கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர். பாதி ஊருக்கு அச்சுத் தொழில், பாதி ஊருக்கு மேளத் தொழில். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காலண்டர் என்று ஒரு பாதி அச்சடித்து அனுப்பும். அதே கல்யாணத்துக்கும் அதே கொடைக்கும் நாகசுரம், தவில், பேண்டு, மைக்செட் என்று மறுபாதி வேன் ஏறிப் போகும். இந்த இரண்டு பாதிக்கும் நடுவில் பல வருஷம் கிளாரினெட் வாசித்துவிட்டு, மூச்சு குறைந்தபோது வாத்தியத்தை உறையில் போட்டு மாட்டிவிட்டு, இசைக்காரர்களுக்கென்று ஒரு மாதப் பத்திரிகை நடத்தப்போவதாகக் கிளம்பியவர் கோமதிநாயகம். பத்திரிகைக்குக் ‘கைத்தாளம்’ என்று பேர் வைத்தார். கட்டுரைகள் வந்துவிட்டன, படங்கள் வந்துவிட்டன, தவிலுக்குத் தோல் கட்டுகிறவரின் விளம்பரம்கூட வந்துவிட்டது. அட்டையின் உச்சியில் அந்தப் பேரை எந்த எழுத்தில் போடுவது என்பது மட்டும்தான் பாக்கி.

அதைப் பார்க்க வேண்டியவன் தளவாய். ரதவீதி முனையில் இருந்த ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பக்கம் அமைப்பது அவன் வேலை. அவன் மனைவி செண்பகவல்லி மஸ்கட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ். மகள் ஆவுடை ஒன்றாம் வகுப்புப் படித்தாள். பள்ளி விட்டதும் அச்சகத்துக்கு வந்து, வெட்டி ஒதுக்கிய காகிதத் துண்டுகளில் படம் போட்டுக்கொண்டிருப்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில் மஸ்கட்டிலிருந்து போன் வரும். அன்றைக்குப் பூராவும் நடந்ததை, மழை வந்ததை, பக்கத்துப் பிள்ளை பென்சிலைக் கடித்ததை, பூனை குட்டி போட்டதை எல்லாம் மூச்சு விடாமல் அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, போனுக்கு முத்தம் வைத்துத் திருப்பித் தருவாள்.

வேலாங்கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. எதை அச்சடிப்பதானாலும் முதல் தாளை மைதாப் பசை தடவி அச்சகத்துச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தப்பு இருந்தால் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேர் வர வேண்டிய இடத்தில் சமையல்காரர் பேர் விழுந்து, பெண் வீட்டார் சமையல்காரரை மாலையோடு போய் வரவேற்ற நாளிலிருந்து வந்த வழக்கம் அது. மனசுக்குள் படித்தால் கண் தப்பைத் தாண்டிப் போய்விடும், வாய் தாண்டாது என்பது அந்த ஊர் தானாகக் கண்டுபிடித்த உண்மை.

தளவாய் முதலில் பார்த்தது கனமான எழுத்து. அச்சகத்துக்காரர்கள் அதை யானைக்கால் என்பார்கள். தூரத்தில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரியும். அதில் ‘கைத்தாளம்’ என்று பெரிதாகப் போட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுவரில் ஒட்டினான். முதலில் வந்தவர் பால்காரர். சைக்கிளில் காலை ஊன்றி, “கைத்தாளம்” என்று வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, “தப்பு ஒன்னுமில்ல” என்று சொன்னபோது அவர் குரல் அந்த எழுத்தைப் போலவே தடித்து, காலை அகட்டிக்கொண்டு நின்றது. அடுத்துப் படித்த பூக்காரிக்கும் அதே குரல். அதற்கடுத்துப் படித்த போஸ்ட்மேனுக்கும் அதே குரல். மத்தியானத்துக்குள் வேலாங்கோட்டையில் படிக்கத் தெரிந்தவர் எல்லாருக்கும் ஒரே குரலாகிப் போனது. படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது படித்துக் காட்டினார்கள், அவர்களுக்கும் அதே குரல் வந்தது.

ஊர் இதற்காக வேலையை நிறுத்தவில்லை. வெயில் காலத்தில் குடை எடுக்கிற மாதிரி அதற்குத் தகுந்ததைச் செய்துகொண்டது. எதிரில் நின்று பேசினாலும் முதலில் பேரைச் சொல்லிவிட்டுப் பேசுவது என்று ஆனது. “பூக்கார சுந்தரி பேசுதேன், சில்லறை இருக்கா?” “போஸ்ட்மேன் பேசுதேன், இல்ல.” மாலையில் வீடு திரும்புகிறவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டால் எந்த வீட்டுக்காரர் என்று உள்ளே தெரியவில்லை, அதனால் ஆளுக்கொரு தாளம் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்கள், ஆதி தாளத்தில் தட்டினால் கணக்குப்பிள்ளை, ரூபகத்தில் தட்டினால் தையல்காரர், தட்டிவிட்டு ஒரு அட்சரம் தவறினால் பேண்டுசெட்டில் டிரம் அடிக்கிறவர். ஊருக்குள் தங்கள் குரலிலேயே பேசியவை வாத்தியங்கள் மட்டும்தான். பழைய போன் பதிவுகளைப் போட்டுக் கேட்டால் அவைகூட வேலாங்கோட்டை எல்லைக்குள் யானைக்கால் குரலில்தான் பேசின.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. ஆவுடை ஓடிப்போய் எடுத்தாள்.

“ஹலோ, அம்மா.”

“யாரு பேசுதது?” என்றாள் செண்பகம்.

“நான்தாம்மா.”

“யாருங்க நீங்க? பிள்ள போன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு? முதல்ல போனப் பிள்ளகிட்ட குடுங்க!”

ஆவுடை போனைக் காதிலிருந்து எடுத்து, அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். தளவாய் பாய்ந்து எடுத்து, “செண்பகம், பிள்ளதான் பேசினா, எழுத்து மாறிட்டு, அதான்” என்று அதே குரலில் சொன்னான். அந்நியன் ஒருவன் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று பயந்து அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் முகம் தெரிகிற மாதிரி பேசியபோது செண்பகத்துக்கு விஷயம் புரிந்தது. ஆவுடைக்குப் புரிந்தது வேறு. அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் உதட்டைத் திறக்கவில்லை. பள்ளியில் பேசவில்லை, அப்பாவிடம் பேசவில்லை, பூனையிடமும் பேசவில்லை. போன் அடித்தால் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“யானைக்கால் வேண்டாம் அண்ணாச்சி” என்றான் தளவாய்.

“ஏம்வே, எடுப்பாத்தானே இருக்கு?” என்றார் கோமதிநாயகம்.

“எம் பிள்ள பேசல அண்ணாச்சி.”

“அப்பக் கிழிச்சிரு” என்றார் அவர். தளவாய் தாளைக் கிழித்தான். கிழித்த நிமிஷத்தில் ஊர் முழுதும் பேச்சு நின்றுபோனது. பேரம் பாதியில் நின்றது, சண்டை பாதியில் நின்றது, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு பாதியில் நின்றது. சுவரில் ஒரு எழுத்து இருந்தால்தான் ஊருக்குக் குரல் என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாரும் தெருவுக்கு வந்து தொண்டையைத் தொட்டுக்கொண்டு அச்சகத்தைப் பார்த்தார்கள். தளவாய் அவசர அவசரமாக அடுத்த எழுத்தை அடித்து ஒட்டினான்.

அடுத்தது ஈர்க்கு. துடைப்பத்தில் ஒரு குச்சியை உருவினால் எப்படி இருக்கும், அவ்வளவு மெல்லிய எழுத்து. பார்க்க அழகு. ஊர் கிசுகிசுத்தது. ஆஸ்பத்திரியில் நல்ல தூக்கம் கிடைத்தது என்றார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் இதுவே போதும் என்றார்கள். கடற்கரையில் மீன் வாங்கி வந்து ஊருக்குள் கூடையில் சுமந்து விற்கிற சவரியம்மாள் மட்டும் அச்சக வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கொசு பாடுகிற சத்தத்தில் திட்டினாள்.

“எய்யா தளவாயி, நான் மீன் விக்கவா, இல்ல மீனுக்குத் தாலாட்டுப் பாடவா? தெருமுனையில நின்னு கத்துதேன், பக்கத்துல நிக்கிற பூனைக்குக்கூடக் கேக்கல!”

அடுத்தது சாய்ந்த எழுத்து. ஊர் மூச்சிரைக்கப் பேசியது. சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததைத் தொடங்கியது. அடுத்தது சுருள். ஒவ்வொரு எழுத்துக்கும் கொடி விட்டு, கொடிக்குக் கொழுந்து விட்ட எழுத்து. நாகசுரக்காரர்கள் அதற்கு உயிரை விட்டார்கள். கடையில் போய் உப்பு என்று கேட்டாலே குரல் ஏறி, வளைந்து, சுழன்று, இறங்கி வந்து நின்றது. ஆனால் கடைக்காரர் அதே மாதிரி சுழன்று இறங்கிப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் குழம்பு தீய்ந்தது. ஒவ்வொரு எழுத்து ஒட்டியதும் தளவாய் ஆவுடையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தினான். அவள் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பிறகு அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

ஆடித் திருவிழாவுக்கு முதல் இதழ் வந்தாக வேண்டும். பிளேட் போட்டு அச்சேறிவிட்டால் அந்த எழுத்துதான் ஊருக்கு என்றைக்கும் நிலைக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். அதனால் அச்சகத்து வாசலில் எப்போதும் ஒரு கூட்டம் நின்றது. ஓட்டுக் கேட்க வருகிறவர் தடித்த எழுத்து வேண்டும் என்றார். கணக்கு வாத்தியார் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும் என்றார். ஒரு கிழவர், எந்த எழுத்து ஆனாலும் சரி, என் மருமகளுக்கு மட்டும் கொஞ்சம் சின்ன சைஸில் போடப்பா என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தளவாய் எல்லாருக்கும் தலையாட்டினான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எந்த எழுத்தில் ஆவுடை பேசுவாளோ அதுதான் கைத்தாளத்தின் எழுத்து.

அந்த நாட்களில்தான் ஆவுடைக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினாள். வழக்கமாக இதற்கு ஒரு கதையே சொல்லியிருப்பாள். தளவாய் பல்லைச் சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிந்தான். அவள் அது விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். அன்றைக்குத்தான் அவன், இருக்கிற எழுத்து எதுவும் ஆகாது, வரைந்துவிடுவது என்று முடிவு செய்தான்.

செண்பகத்தின் போனில் ஆவுடை எப்போதோ அனுப்பிய பேச்சு ஒன்று இருந்தது. மஸ்கட்டில் அதைப் போட்டு போனுக்குப் பக்கத்தில் வைத்தால் இங்கே அசல் குரலில் கேட்டது. “அம்மா, மழ வந்துச்சு. நான் நனையல, குடைதான் நனைஞ்சுது.” அவ்வளவுதான். தளவாய் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். செண்பகம் டியூட்டிக்கு நடுவில் மருந்து அறைக்குள் நின்று போட்டுக்கொண்டே இருந்தாள். ‘கை’யின் சுழியை எவ்வளவு உருட்டுவது, ‘ளம்’மில் வந்து குரல் எப்படி உட்காருகிறது, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் அவள் எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று கேட்டுக் கேட்டு, கோட்டை வளைத்து, அழித்து, மறுபடி வளைத்து, ஐந்து எழுத்தையும் வரைந்து முடித்தான். மறுநாள் காலையில் சுவரில் ஒட்டினான்.

பால்காரர் சைக்கிளில் காலை ஊன்றி, “கைத்தாளம்” என்று படித்தார். பிறகு, “தப்பு ஒன்னுமில்ல” என்றார், ஆறு வயதுப் பெண்பிள்ளையின் குரலில்.

மத்தியானத்துக்குள் ஊரே ஆவுடையாகப் பேசியது. இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் வாசலில் நின்று, “எல்லாரும் வரிசையில நில்லுங்க” என்றபோது திருடனே குனிந்து, “சரிம்மா” என்றான். கந்துவட்டிக்காரர் மிரட்டப் போன வீட்டில் அவருக்கு முறுக்கு கொடுத்தார்கள். சொத்துத் தகராறில் இருந்த அண்ணனும் தம்பியும் பாகத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்து, தங்கள் குரலைத் தாங்களே கேட்டு, சிரிப்பு தாங்காமல் எழுந்து போனார்கள். வாசலில் நின்ற கூட்டம் முழுசாகக் கட்சி மாறியது. இதுதான் எழுத்து, இதையே போட்டுவிடு என்றது. கோமதிநாயகம்கூட, “அம்புட்டுப் பேரும் ஒத்துக்கிட்டாங்கல்லா, பிளேட் போட்டிருவோம்வே” என்று குழந்தைக் குரலில் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்.

ஆவுடை பேசவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது. தளவாய் எடுத்து, “ஹலோ” என்றான்.

“தாயி!” என்று செண்பகம் கத்தினாள். “பேசிட்டியா! எங்கண்ணு, பேசிட்டியா! அம்மாவுக்கு உயிரே இல்ல தாயி. சாப்பிட்டியா? பல்லு விழுந்துச்சாமே, அப்பா சொன்னாக. வலிச்சுதா? ஒரு வார்த்த பேசு, இன்னும் ஒரு வார்த்த.”

வலிக்கல அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நிம்மதியாகத் தூங்குவாள். நாளைக்கும் சொல்லலாம், நாளை மறுநாளும் சொல்லலாம். குரல் அவனிடமே இருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். காகிதக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஆவுடை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

“நான் தளவாய்” என்றான் அவன்.

செண்பகம், “அப்ப எம்பிள்ள குரல எல்லாருக்கும் குடுத்துட்டீங்க. அவளுக்கு எத வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

பதில் கூடையில் வந்தது. சவரியம்மாள் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கடற்கரைக்குப் போயிருந்தவள், அன்றைக்குத்தான் திரும்பினாள். ஊரே பிள்ளைக் குரலில் பேச, அவள் மட்டும் இன்னும் ஈர்க்கிலேயே கிசுகிசுத்தாள். தளவாய் அதிசயப்பட்டு விசாரித்தான். வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை வாங்கியிருக்கிறாள். கடலையை மடித்துக் கொடுத்தது அச்சகத்தில் கழித்துப்போட்ட பழைய ஈர்க்குத் தாள். பேர் தெரிந்த பேராக இருக்கிறதே என்று பஸ்ஸிலேயே வாய்விட்டுப் படித்திருக்கிறாள்.

“உங்க சுவத்த இன்னும் நான் பாக்கல எய்யா, கடலைக் காகிதந்தான்” என்று கிசுகிசுத்தாள் சவரியம்மாள்.

தளவாய் மேசையில் கையை ஊன்றி எழுந்தான். ஒரே சுவரில் ஒரே தாளை ஒட்டி அத்தனை பேரும் அதையே படித்ததால்தான் அத்தனை பேருக்கும் ஒரே குரல். வேறு தாளைப் படித்தால் வேறு குரல். இவ்வளவு நாளும் ஊருக்கு ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தோமே தவிர, ஆளுக்கொரு எழுத்து என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“ஒரு பத்திரிகைக்கு ஒரு முகம்தாம்வே இருக்கணும்” என்றார் கோமதிநாயகம். “இதழுக்கு இதழ் ஆளுக்கு ஆள் தலைப்பெழுத்து மாறினா, அது பத்திரிகையா, மாறுவேசப் போட்டியா?”

“உங்க கச்சேரில கிளாரினெட்டும் தவிலும் ஒரே சத்தமாவா அண்ணாச்சி போட்டுது?”

கோமதிநாயகம் அவனை முறைத்தார். ஆறு வயதுப் பெண்பிள்ளையின் குரலில், “பெரிய பேச்செல்லாம் பேசுத” என்றார். அப்புறம், “செலவாகும்லா?” என்றார். அப்புறம், “சரி, வரை” என்றார்.

வரைவதில் ஒரு கஷ்டம் வந்தது. வந்து உட்கார்ந்த ஒருவருக்கும் தன் பழைய குரல் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. யாரும் குரலைச் சேர்த்து வைக்கவில்லை. வெளியூர்ச் சொந்தத்திடம் ஒன்றிரண்டு பதிவு இருந்தாலும் அது கல்யாண வீட்டு மைக்கில் பேசிய குரல், வீட்டுக் குரல் இல்லை.

“என் குரல் நல்லா இனிமையா இருக்கும் எய்யா” என்று சவரியம்மாள் கிசுகிசுத்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். “தகரத்துல ஆணியால கோடு போட்ட மாதிரி இருக்கும்” என்றார் பால்காரர். “ஆனா கடைசில ஒரு இழுப்பு இழுப்பாங்க பாருங்க, அதக் கேட்டாத்தான் எங்க வீட்ல உலையே வைப்போம்” என்றாள் பூக்கார சுந்தரி. தளவாய் அந்தத் தகரத்தையும் வரைந்தான், அந்த இழுப்பையும் வரைந்தான்.

அப்படித்தான் வேலை நடந்தது. தன் குரல் தனக்குத் தெரியவில்லை, அடுத்தவர் குரல் எல்லாருக்கும் தெரிந்தது. வீட்டுக்காரி வீட்டுக்காரருக்குச் சொன்னாள், முதலாளிக்குக் கணக்குப்பிள்ளை சொன்னார், திருடனுக்கு இன்ஸ்பெக்டர் சொன்னார். தவில் சிவனணைந்தான் மட்டும் ஒரு ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு வீட்டில் யாரும் இல்லை, யாரோடும் ஒட்டும் இல்லை. அடுத்த வீட்டு மைக்செட் அபூபக்கரோடு, குழாய் ஸ்பீக்கரைத் தன் ஜன்னலுக்கு நேராகக் கட்டினார் என்று சண்டை போட்டு, பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது.

“இவருக்கு யாரு சொல்லுவா?” என்று தளவாய் கேட்டான்.

அபூபக்கர் பின்வரிசையிலிருந்து தொண்டையைச் செருமினார். “எழுதுங்க. காலைல எந்திரிச்சதும் கரகரன்னு இருக்கும். ஒரு டம்ளர் காப்பி உள்ள போனா இறங்கும். ‘ர’ வந்தா ஒரு உருட்டு உருட்டுவாரு. திட்டும்போது கனமா வரும், ஆனா முடிக்கும்போது கீழ வந்துரும், மனசு இல்லாம திட்டுத மாதிரி. தவில் சொல்லு வாயால சொல்லிப் பாக்கும்போது மட்டும் சின்னப் பையன் மாதிரி ஆயிருவாரு. அதயும் போடுங்க.”

சிவனணைந்தான் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒட்டுக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கான் பாரு” என்றார்.

“சுவரு பொதுச் சுவருவே” என்றார் அபூபக்கர்.

தாள்கள் வீடு வீடாகப் போயின. ஒவ்வொருவரும் தன் தாளை வாய்விட்டுப் படிக்க, ஒவ்வொரு வீட்டிலும் போன குரல் வந்து உட்கார்ந்தது. தெருமுனையில் சவரியம்மாளின் கடைசி இழுப்பு எழுந்தபோது ஊர் முழுதும் உலை வைத்தார்கள். அடுத்தவர் தாளைப் படித்தால் அடுத்தவர் குரல் வரும் என்பதும் தெரிந்துபோனது. அதை ஊர் சட்டையை இரவல் வாங்குகிற மாதிரி வைத்துக்கொண்டது. சண்டைக்குப் போகிறவர்கள் சவரியம்மாளின் தாளைக் கேட்டு வாங்கிப்போய், காரியம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் எதைப் படித்தாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு அனுப்புகிற பிரதிகளில் மாதம் ஒருவர் எழுத்து என்று கோமதிநாயகம் முடிவு செய்து, முதல் மாதத்துக்குத் தன் எழுத்தையே போட்டுக்கொண்டார்.

பாக்கி ஆவுடை மட்டும்தான்.

தளவாய் அவள் முன்னால் இரண்டு தாள்களை வைத்தான். முதலாவது, மழைப் பேச்சைக் கேட்டு வரைந்தது. இரண்டாவது, அவன் முந்தின நாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊகத்தில் வரைந்தது; எழுத்து அதேதான், பல் போன இடத்தில் காற்று போவதற்கு ஒவ்வொரு எழுத்திலும் ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தான். அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. பல் விழுந்த பிறகு அவள் பேசியதே இல்லை.

“இது உன் தாள். சுவத்துல இருந்தத எடுத்துட்டேன். இனி உனக்கு மட்டும்தான், வேற யாருக்கும் குடுக்கல” என்று முதல் தாளைக் காட்டினான்.

அவள் குனிந்து பார்த்தாள். விரலை எழுத்தின் மேல் வைத்து, உதட்டைப் பிரித்து, “கைத்தாளம்” என்று படித்தாள்.

பிறகு, “அப்பா” என்றாள்.

அச்சு இயந்திரத்தை நிறுத்தினார்கள். வாசலில் நின்ற கோமதிநாயகம் உள்ளே வந்து, வந்த காரியம் மறந்து, வெளியே போய், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்தார். விளக்கு வைக்கிற நேரம். போன் அடித்தது. ஆவுடை காகிதக் கட்டுகளைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“ஹலோ, அம்மா.”

“ஆவுடை” என்றாள் செண்பகம். யாரு என்று கேட்கவில்லை. அழுகிற சத்தமும் சிரிக்கிற சத்தமும் சேர்ந்து வந்தன. “ஆவுடை, எந்தாயி, எங்கண்ணு. அம்மா அன்னைக்கு அப்படிக் கேட்டுட்டேன். மன்னிச்சுக்க தாயி.”

ஆவுடை அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பூனைக் குட்டிகள் கண் திறந்ததைச் சொன்னாள், கணக்கு வாத்தியார் அவளுடைய குரலில் பேசியதைச் சொன்னாள், சவரியம்மாள் திட்டியதைச் சொன்னாள். நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்துவிட்டு, “அம்மா, இந்தக் குரல்ல பல்லு இருக்கு. எனக்கு இப்பப் பல்லு இல்ல” என்றாள்.

“பல்லு இல்லாம எப்படிப் பேசுவ?”

“தெரியல. அப்பா ஒரு தாள் வரைஞ்சிருக்காங்க. அதுல பேசினா உனக்கு என்னத் தெரியுமா?”

“தெரியலன்னா, எந்தப் பிள்ளன்னு கேப்பேன்” என்றாள் செண்பகம். “நீ சொல்லு. மறுபடி கேப்பேன், மறுபடி சொல்லு. போன வைக்க மாட்டேன்.”

“பிளேட்டுக்கு நேரமாகுதுவே” என்று கோமதிநாயகம் மெதுவாகச் சொன்னார். “பிள்ளைக்கு எந்த எழுத்துன்னு முடிவு பண்ணிட்டா போட்டிரலாம்.”

தளவாய் மகளைப் பார்த்தான். ஆவுடை போனைக் காதில் வைத்தபடியே இரண்டாவது தாளை எடுத்துப் படித்தாள்.